படையலில் ஒரு கிண்ணம் ராமென்

அக்கா,

மூன்று மணி நேரமாகக் கோழி எலும்பு அடுப்பில் கொதிக்கிறது. இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், அவ்வளவுதான். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை. நம் வீட்டு அடுப்பிலிருந்து இப்படி ஒரு வாசனை இதுவரை வந்ததில்லை. அத்தை இரண்டு முறை வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை கேட்டேவிட்டார்.

"நாளைக்கு அவளுக்கு வருசத் தெவசம். அவளக் கொன்ன சாமானையே அவளுக்குப் படைக்கப் போறியா நீ?"

"ஆமாங்க அத்த."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே. பாப்பா தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நீங்கள் போன மறுநாளே எழுதியிருக்க வேண்டியது. ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன்.

ஓரகத்தி என்றாலே சண்டைதான் என்று கல்யாணத்துக்கு முன் கல்லூரித் தோழிகள் என்னைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே உங்களை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். பாப்பா வயிற்றில் இருந்தபோது, ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் பாண்டிச்சேரி போக வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நீங்கள்தான் பீங்கான் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு என்னோடு பஸ் ஏறினீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பிய பிறகும், ஸ்கேனில் தெரியாமல் போகும் குறைகள் என்னென்ன என்று நான் நடுரோட்டில் நின்று போனில் தேடிக்கொண்டிருந்தேன். போனைப் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

"அந்தம்மாவே நல்லாருக்குதுன்னுட்டாங்க. நீ போனக் கேட்டுக்கிட்டு நிக்கிற. போன் என்னா, உன் மாமியாரா?"

எதிர்ச் சாரியில் ஒரு சின்னக் கடை. வாசலில் பாதி உயரத்துக்குத் துணி தொங்கியது. "அது என்னாடி கட? துணி கட்டி வெச்சிருக்கான், சலூனா?" என்றீர்கள். பக்கத்தில் போனால் கிண்ணம் படம் போட்டு ராமென் என்று எழுதியிருந்தது. ஜப்பான்காரர்கள் சாப்பிடும் சூப் நூடுல்ஸ் என்று சொன்னேன். இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அதற்குள் நீங்கள் துணியை விலக்கி உள்ளே போய்விட்டீர்கள்.

உயரமான ஸ்டூலில் என் வயிற்றோடு ஏற முடியாது என்று மூலையில் ஒரு மேசை கொடுத்தார்கள். நாலைந்து பேர் குனிந்து அவரவர் கிண்ணத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். "யாரும் நம்மளப் பாக்கவே இல்லடி" என்று என் காதில் சொன்னீர்கள். ஆண் துணை இல்லாமல், பிள்ளை இல்லாமல், நாம் இரண்டு பேர் மட்டும் ஒரு கடையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கிண்ணம் வந்தது. நீங்கள் சூப்பைப் பார்க்கவில்லை. பதினோரு வருடமாக அச்சிலிருந்து கப்பும் பொம்மையும் எடுத்து, ஈர ஸ்பாஞ்சால் பிசிறு துடைத்த கை உங்களுடையது. எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் அந்தக் கை முதலில் கப்பின் அடியைத்தான் பார்க்கும். அன்றும் பார்த்தது. நிறைந்திருந்த கிண்ணத்தைத் தூக்கிச் சாய்த்துவிட்டீர்கள். சூப் உங்கள் மடியில் கொட்டியது. பாதி முட்டை மேசையில் வழுக்கிக்கொண்டு வந்து, அப்போதுதான் நீங்கள் திருப்பிக் கொடுத்திருந்த என் போன் மேல் நின்றது. பரிமாறும் பெண் துணியோடு ஓடி வந்தாள். நீங்கள் சேலையைக்கூட உதறாமல் அவளிடம் சொன்னீர்கள்: "அடியில சொரசொரன்னு வுட்டிருக்காங்களே. எங்க கம்பெனியில இப்படி வுட்டா சூப்பர்வைசரு ஓரமாத் தூக்கிப் போடச் சொல்லுவாரு."

அவள் சிரித்துக்கொண்டே வேறு கிண்ணம் கொண்டுவந்தாள். "சத்தமா உறிஞ்சிச் சாப்புடுங்கக்கா. அவங்க ஊருல அதான் மரியாத."

"எங்க வூட்டுக்காரரு டீய அப்படித்தான் குடிப்பாரு. ஜப்பான்காரர்னு இத்தினி நாளாத் தெரியாமப் போச்சே."

முட்டையின் மஞ்சள் கரு இளகி இருந்தது. கர்ப்பிணி சாப்பிடலாமா என்று எனக்குச் சந்தேகம். எனக்கு மட்டும் நன்றாக வேகவைத்துத் தரச் சொன்னேன். வந்த பிறகும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "பயந்துகிட்டே சாப்புடு. ஆனா சாப்புடு" என்றீர்கள். அந்தப் பெண் என் போனில் நம்மைப் படம் எடுத்துக் கொடுத்தாள். கிளம்பும்போது மகள் நினைப்பு வந்து உங்களுக்கு முகம் வாடிவிட்டது. "தாரணியக் கூட்டியாரணும். நூடுல்ஸுன்னா உசுர வுடுவா. அவள வுட்டுட்டுத் தின்னுட்டுப் போறது தொண்டையில நிக்குது." முழுப் பரீட்சை லீவில் கூட்டி வரலாம் என்று பேசிக்கொண்டோம். வீட்டில், ஸ்கேனுக்குக் கூட்டம், அதான் லேட்டு என்று சொன்னோம்.

எட்டாம் மாதச் செக்கப்புக்குப் போனபோது மறுபடியும் அதே கடை, அதே மூலை. அன்று நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். குளிக்கும்போது மார்பில் கட்டி ஒன்று கையில் தட்டுப்படுகிறது என்றீர்கள். கொட்டைப்பாக்கு அளவு. பொங்கலுக்கு முன்பிருந்தே இருக்கிறது. ஆஸ்பத்திரி நாலு கடை தள்ளித்தான் இருந்தது. இப்போதே போவோம் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

"நீ மொதல்ல பெத்து எழுந்திரு. ரெண்டு பேரும் படுத்துட்டா வூட்ட யாரு பாக்கறது? யாருகிட்டயும் மூச்சு வுடக் கூடாது. வயித்துப் புள்ள மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பஸ்ஸில் பண்ருட்டி தாண்டும்வரை போனில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிறு இறுகியது. மூடி வைத்துவிட்டேன். ஜலதோஷத்துக்கெல்லாம் போனில் தேடுகிற நான், அதற்குப் பிறகு அந்த ஒன்றை மட்டும் தேடவில்லை. சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். ஐந்து மாதம் அக்கா. பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆனபோது, அவளைத் தூக்க உங்களால் கையை உயர்த்த முடியவில்லை. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அப்போதும் 'கை வலியாம்' என்றுதான் சொன்னேன். ஆஸ்பத்திரியில் காட்டியபோது புற்று முற்றிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தீர்கள்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு உங்கள் போட்டோ தேடியபோது, என் போனில் அந்தப் படத்தை அத்தை பார்த்தார். இரண்டு கிண்ணம், பாதி முட்டை, கறுப்பாகக் கடல்பாசித் துண்டு, சிரித்துக்கொண்டு நாம். "வூட்டுக்குத் தெரியாம ஓட்டல்ல போயி வேகாத முட்டையும் பாசியும் தின்னா, கட்டி வராம என்னா வரும்?" வந்தவர்கள் தலையாட்டினார்கள். திட்டக்குடி வரைக்கும் அந்தக் கதை போய்விட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. சூப்பால் வரவில்லை என்றால் அடுத்த கேள்வி என்னிடம்தானே வரும்?

போன மாதம் பாப்பாவுக்குக் கடையில் வாங்கிய கேக்கைப் பிட்டுக் கொடுத்தேன். தாரணி ஓடி வந்து தட்டிவிட்டாள். "கடையில வாங்கினதக் குடுக்காதீங்க சித்தி. பாப்பாவும் செத்துடுவா." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா என்ன வுட்டுட்டுப் போயித் தனியாத் தின்னாங்க. அதான் செத்தாங்க. எனக்கு அம்மாவப் புடிக்கல" என்றாள். பத்து வயது.

அன்றைக்கு முடிவு செய்தேன். மாமனார் தெவசத்துக்கு வருடா வருடம் ஆட்டுக்கறியோடு குவார்ட்டர் பாட்டிலும் சிகரெட் பாக்கெட்டும் வைக்கிறோம். அவருக்குப் பிடித்தது. குடித்துத்தான் அவர் ஈரல் கெட்டது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பாட்டிலைப் பார்த்து, கொன்ன சாமான் என்று யாரும் சொன்னதில்லை. உங்களுக்கு என்ன வைக்கலாம் என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அவளுக்கு என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். எனக்குத் தெரியும்.

பாப்பா எழுந்துவிட்டாள். மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

*

படையல் முடிந்தது, அக்கா. இலையில் சோறு, வடை, பாயசம், புதுச் சேலை. நடுவில் ராமென். அத்தை கிண்ணத்தை நகர்த்தி இலைக்கு வெளியே வைத்தார். உங்கள் வீட்டுக்காரர் அதை எடுத்து மறுபடியும் நடுவில் வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். "அத யாரும் தொடாதீங்க. மாட்டுக்குக் கழனித் தண்ணியில ஊத்துங்க" என்றார் அத்தை.

நான் எழுந்து நின்றேன். கட்டி பொங்கலுக்கு முன்பே வந்தது என்றேன். அந்தக் கடையை நாம் முதலில் பார்த்ததே அதற்குப் பிறகுதான் என்றேன். எனக்குத் தெரிந்தும் ஐந்து மாதம் மறைத்தேன் என்றேன். "சோறு வடிக்கிறதுக்கும் புள்ளத் தூக்கறதுக்கும் அக்கா வேணும்னு எல்லாரும் இருந்தோம். நான்தான் மொத ஆளு. சூப்பு மேல பழி போடாதீங்க."

என் வீட்டுக்காரர் முகம் இறுகிவிட்டது. "அடிப்பாவி" என்று அத்தை மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. சொல்லட்டும்.

தாரணி கேட்டாள். "அப்போ அம்மா இதத் தின்னதால சாவலையா?"

"இல்ல."

"என்ன வுட்டுட்டு ஏன் போனாங்க?"

"ஒன்னியக் கூட்டிட்டுப் போவணும்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. லீவு வந்தப்ப நான் பெத்துப் படுத்துட்டேன், அப்பறம் அவங்களுக்கு ஒடம்பு முடியாமப் போச்சு."

"நீங்க ஏன் டாக்டருகிட்டச் சொல்லல?"

"பயந்துட்டேன் தாரணி."

அவள் என்னைப் பார்த்தாள். உங்கள் கண்தான் அவளுக்கு. பிறகு இலைமுன் உட்கார்ந்து கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வாய், இரண்டு வாய் சாப்பிட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. "உப்பு இல்ல" என்றாள். ஆனாலும் வைக்கவில்லை. முதுகை எனக்குக் காட்டித் திரும்பி உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தலை பின்னக் கூப்பிட்டேன், வரவில்லை. சித்தி என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. சாயங்காலம் உங்கள் போட்டோவுக்குப் போட்ட மாலை சரிந்திருந்ததை ஸ்டூல் போட்டு ஏறி அவளே நேராக்கினாள்.

ஒரு வருடமாக அந்தப் பிள்ளையின் கோபம் உங்கள் மேல் இருந்தது, அக்கா. இன்றைக்கு அதை என் மேல் வாங்கிக்கொண்டேன். எத்தனை வருடமானாலும் என் மேலேயே இருக்கட்டும்.