அண்ணன் வீட்டுத் தந்தப் பிடி

செவ்வாய்க்கிழமை.

நைனாவுக்குக் கடைசியாகச் சவரம் செய்தது நான். பாகம் பிரித்தபோது அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டது அண்ணன். இன்று சிங்கவரத்தில் அவன் வீட்டில், அவனுடைய சம்பந்தி வீட்டார் எதிரில் அதை நீட்டினான்.

"பிடி அசல் தந்தம். செஞ்சில சலூன் வச்சிருக்கிற உனக்கு இன்னா தெரியும்?"

தந்தத்தில் ரேகைகள் வலைபோலக் குறுக்கே ஓடும். இதிலோ ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேர்கோடுகள். விரலால் சூடேறத் தேய்த்தேன், கற்பூர வாடை வீசியது. செல்லுலாய்டு. பழைய பிளாஸ்டிக். காற்றில்லாமல் மூடி வைத்தால் அது புழுங்கிக் கத்தியைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

நைனாவை நினைத்து ஒரு கணம் தயங்கினேன்.

"காத்து பட்டா தந்தம் வெடிச்சிடும்ணா. டப்பால போட்டு இறுக்கி மூடிடு."

உடனே மூடி, டேப் சுற்றினான். முனையை நானே அழுத்தி ஒட்டினேன்.