அவரைப் பாத்தியும் ஈரச் சிமெண்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு நல்லபடியாகத்தான் இருக்கிறோம். நீ, மாப்பிள்ளை, சின்னக்குட்டி மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கோபம் தலைக்கேறிக் கிடக்கும்போதும் இதை எழுதாமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை. மூன்று நாளாக நீ போன் போட்டுக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ பேசுவாய், நான் கேட்பேன், கடைசியில் சரிம்மா என்று நானே சொல்லி வைத்துவிடுவேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி.

கொல்லையில் பாத்தி போட்ட கதையை உனக்கு நான் சரியாகச் சொல்லவில்லை, அது என் தப்பு. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அப்பா ஜன்னலோரம் நாற்காலியே கதி என்று இருந்தது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் லாரி ஓட்டின மனுஷன், வலது கை பிழிந்து போட்ட துணி மாதிரி மடியில் கிடக்க, என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு தட்டில் பிளாஸ்டிக் மணிகளைப் போட்டு, ஒவ்வொண்ணா எடுத்துக் கிண்ணத்துல போடுங்க ஐயா என்பாள். இவர் தட்டையே தள்ளிவிடுவார். கட்டிலுக்கடியில் மணி பொறுக்கியே எனக்கு இடுப்பு போயிற்று. குளிர் விட்டதும், இனியும் இந்த நாலு சுவருக்குள் கிடந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவருக்காக இல்லை, எனக்காகத்தான். முள்ளங்கிக்கு ஒன்று, கீரைக்கு ஒன்று, வேலியோரம் அவரைக்கு ஒன்று என்று மூன்று பாத்தி. அவரையை நான் நெருக்கி நெருக்கி ஊன்றுவதைப் பார்த்து உள்ளேயிருந்து ஒரு உறுமல். என்ன வேண்டும் என்று கேட்டால் தலையைத் தலையை ஆட்டுகிறார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பாத்தியோரம் விட்டேன். என் கையிலிருந்து விதையைப் பிடுங்கினார் பாப்பா, வலது கையால். அன்றைக்கு மூன்று குழி, பாதி விதை வெளியேதான் விழுந்தது. விழுந்ததற்கு ஒரு வசவு விட்டார் பார், நாலு மாசத்தில் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த முதல் வார்த்தை அதுதான், இங்கே எழுத முடியாது. ஒரு வாரத்தில் அந்தப் பாத்தி முழுக்க அவர் கையால் ஊன்றியது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, மழையில் நாற்காலிச் சக்கரம் சேற்றில் புதைந்து அப்பா சாயப் பார்த்தார் என்பதை மட்டும் போனில் சொன்னேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். செவ்வாய்க்கிழமை நான் மாத்திரை வாங்கப் போன ஒரு மணி நேரத்தில் கொத்தனாரும் இரண்டு ஆட்களும் பக்கத்து கேட் வழியாக வந்து, கொல்லை முழுக்கத் தளம் போடச் சிமெண்ட் கலவை கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முளைத்திருந்த முள்ளங்கி போயிற்று, கீரை போயிற்று. அப்பா ஜன்னல் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். பெரியவர் குஷியாகக் கையாட்டுகிறார் என்று நினைத்து அவர்களும் பதிலுக்குக் கையாட்டினார்களாம். கொத்தனாரே என்னிடம் சொன்னது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் வந்து பார்த்தால் நாற்காலி காலி. பின்பக்கம் ஓடினேன். ஈரச் சிமெண்ட் மேலேயே நடந்து போய், வேலியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பாத்தி நடுவில் நிற்கிறார். நிற்கிறார் பாப்பா. ஒரு செருப்பைக் காணோம், கணுக்கால் வரை சிமெண்ட், உடம்பு வெடவெடவென்று ஆடுகிறது. விழுந்துடுவீங்க, வாங்க ஐயா என்று கொத்தனார் கெஞ்சுகிறார். இவர் செடி, செடி என்கிறாரே தவிர அசையவில்லை. யாரைக் கேட்டுக் கொட்டினீர்கள் என்று கொத்தனாரை நான் பிடித்த பிடியில் அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, உங்க பொண்ணுதாம்மா சொன்னாங்க, அம்மாகிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, அவங்க இல்லாத நேரமாப் பாத்து முடிச்சுடுங்கன்னாங்க என்றார்.

இது நீ சொன்னதா இல்லையா? அப்பா விழுந்துவிடுவார் என்று பயந்துதான் செய்தாய், தெரியும். சிமெண்ட் போட்டதைக்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் வேண்டாம் என்பேன் என்று தெரிந்தே, நான் இல்லாத நேரமாகப் பார்த்து, என் வீட்டிலேயே! ஆள் இல்லாத நேரம் பார்ப்பது திருடன் வேலை. நான் என்ன நினைவு தப்பியா கிடக்கிறேன்? தையல் கம்பெனியில் நாற்பது பேரைக் கட்டி மேய்த்தவள் நான். கொத்தனாரிடம் பேச உனக்கு நேரம் இருந்தது, அம்மா உனக்கு என்ன வேணும் என்று ஒரு வார்த்தை கேட்க நேரம் இல்லை. அப்பாவை யாருமே கேட்கவில்லை, நானும்தான். நாலு மாசமாக அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம், அவர் சுவர் மாதிரி. அதை நினைத்தால் என்மேலும்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கொத்தனார் அப்பாவை அலாக்காகத் தூக்கி வந்து காலைத் தேய்த்துக் கழுவிவிட்டார். சிமெண்ட் பட்ட இடம் வெந்து தோல் உரிந்திருக்கிறது, மருந்து போடுகிறேன், பதறாதே. காயாத கலவையை ஆட்களோடு சேர்ந்து வாரி எடுத்தார். பின்வாசலிலிருந்து வேலி வரைக்கும் சக்கர நாற்காலி போகிற அகலத்துக்கு மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன். அது எனக்கும் வேண்டியதுதான், நீ கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கீரைப் பாத்தி திரும்ப மண்ணாகிவிட்டது. முள்ளங்கி இருந்த இடம் வாருவதற்குள் இறுகி, இப்போது கல்லாகக் கிடக்கிறது. அவரையில் எட்டுச் செடி போயிற்று, அதைக் காப்பாற்றப் போனவரே மிதித்தது. பயிற்சி கொடுக்கிற பெண் டேப் வைத்து அளந்தாள், பதினான்கு அடி தனியாக நடந்திருக்கிறாராம், அவளுக்கு வாயெல்லாம் பல். அதற்கு நான் உனக்கு நன்றி சொல்வேன் என்று கனவு காணாதே.

நேற்று அப்பாவிடம், மகள்மேல கோபமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் வாயைக் கூட்டிக் கூட்டி, வரச் சொல்லு என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் இன்னும் முடிக்கவில்லை. வந்து உடைக்கச் சொல்லு என்றார்.

ஆகவே லீவுக்கு எழுதிக் கொடு. சின்னக்குட்டிக்கு என் முத்தம், மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீ நூறு வருஷம் நன்றாக இரு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் அம்மா வாயால் சொல்வது பலிக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, எடுக்கிறேன். முதலில் அப்பாவிடம்தான் கொடுப்பேன். அவருக்கு ஒரு வார்த்தை வர எத்தனை நேரம் ஆனாலும், நீயே எடுத்துக் கொடுக்காமல், வாயை மூடிக்கொண்டு காத்திரு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
உன் அம்மா