மேற்குச் சுவர் என் இஷ்டப்படிதான்

என்னங்க,

"சமையலறைச் சுவருக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? அங்க யாரு உட்காரப் போறா?" என்று நேற்று மேஸ்திரி முன்னால் கேட்டீர்கள்.

"உட்கார எங்க விட்டீங்க? நின்னுக்கிட்டுதானே இருக்கேன்" என்றேன். அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

இன்று புது வீட்டுச் சமையலறையின் மேற்குச் சுவர் எழும்புகிறது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவே காற்றுக்கு இடைவெளி விட்டுத்தான் கட்டச் சொல்லப் போகிறேன். கல்லும் குறையும், வெயிலும் உள்ளே இறங்காது. "எலிக்கு வாடகைக்கு விடப் போறியா?" என்று இன்னொரு தரம் கேட்டாலும் பின்வாங்க மாட்டேன்.

உங்களுக்கு இன்று லீவு. சாப்பாடு செய்து வைக்கவில்லை. அரிசி களைந்திருக்கிறது, காய் நறுக்கியிருக்கிறது. வெயில் மேற்கே சாய்ந்ததும் நம் வாடகை வீட்டு அடுப்படியின் மேற்குச் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று சமைத்துப் பாருங்கள். மின்விசிறியைப் போட்டால் அடுப்பு அணைந்துவிடும். அப்புறமும் வழக்கமான சுவரே போதும் என்று தோன்றினால் புது வீட்டுக்கு நேரில் வந்து சொல்லுங்கள். கேட்டுக்கொள்வேன். சம்மதிப்பேனா என்பது வேறு விஷயம்.

வீட்டுச் சாவி குக்கருக்குள் இருக்கிறது. குக்கரைத் தொடாமல் வெளியே போக முடியாது.

பி.கு.: உப்பு நீல டப்பாவில். சர்க்கரையைப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

தாளின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. புது வீட்டில் அடுப்பு மேடையை இரண்டு பேர் நிற்கும் நீளத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து வாய்வரை வந்து விழுங்கியதை இப்போது கேட்டுவிடுகிறேன்: தினமும் ஒரு வேளையாவது என் பக்கத்தில் நின்று சமையுங்கள்.