தரையில் உட்கார்ந்த அம்மன்

ஆடி 3, சனி

பால்காரர் இன்றும் வரவில்லை. பாக்கெட் பால் வாங்கினேன். சாயங்காலம் மாரியம்மன் கோயில் திடலில் நாடகம். டீச்சர்மார் சிலர் சேர்ந்து நடத்துகிற குழுவாம். மருமகள் பாண்டிமீனாவுக்கு அம்மன் வேஷம். "முன்னால வந்து உக்காருங்கத்தை" என்றாள். சாமி நாடகம்தானே, போவோம்.

ஆடி 4, ஞாயிறு

நேற்று நடந்தது என்ன என்று எழுதிப் பார்த்தாலாவது விளங்குமா?

நாடகத்தில் ஒருத்தி. பட்டாசு ஆலையில் புருஷனைப் பறிகொடுத்தவள். அம்மன் முன்னால் நின்று கேட்கிறாள்: "மருந்து பத்தி எரிஞ்சப்ப நீ எங்க போயிருந்தே?" அம்மன் என்ன செய்ய வேண்டும்? நான் பார்த்த சாமிப் படங்களில் எல்லாம் கண் சிவக்கும், சூலம் பறக்கும். இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சூலத்தைக் கீழே வைத்தாள். அந்தப் பொம்பளைக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாடகம் அவ்வளவுதான்.

என் தம்பி சங்கிலிமுத்து வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அப்படித்தான் போனான். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் அம்மனிடம் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தெரியாது.

எப்போது எழுந்து போனேனோ — மருமகள் காலில் விழுந்து கிடக்கிறேன். முந்தானையில் முடிந்திருந்த பதினோரு ரூபாயையும் அங்கே வைத்திருக்கிறேன். "அத்தை, எந்திரிங்க, எல்லாரும் பாக்காக" என்று காதோடு சொன்னாள்.

அந்தப் பதினோரு ரூபாயைக் கணக்கில் எதில் எழுத? கோயில் செலவா, வீட்டுச் செலவா?

ஆடி 5, திங்கள்

குழாயடியில் எதிர்வீட்டுக் கற்பகவல்லி பிடித்துக்கொண்டாள். "என்ன மதினி, மருமக கால்லயே விழுந்துட்டீகளாம்? இனிமே உங்க வீட்டுல சோறு பொங்குறது யாரு, சாமியா?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "இருந்தாலும் அம்மனை மண்ணுல உக்கார வச்சது குத்தம் மதினி."

குற்றமா? எனக்கு அழுகை வந்ததே. குற்றத்துக்கா அழுகை வரும்?

மத்தியானம் சாம்பாரில் உப்பில்லை. சொல்ல வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர், "சொல்லேன், சாமி கோவிச்சுக்கிடுமோ?" என்கிறார்.

ஆடி 7, புதன்

மகன் மாரிக்கண்ணன் அச்சாபீஸிலிருந்து வரும்போதே முகம் சரியில்லை. பட்டாசு லேபிள் அடிக்கக் கொடுக்கிற கம்பெனி முதலாளி கேட்டாராம்: "உன் பொண்டாட்டி ஆலையைப் பத்தி நாடகம் போடுதாளாமே?"

"சீசன் நேரம்மா. ஆர்டர் போச்சுன்னா என்ன செய்ய? ஆடி இருபத்திநாலு சாத்தூர்ல போடுதாகளாம். அவ போகணுமா வேண்டாமான்னு நீயே சொல்லிரு. நீ சொன்னாத்தான் கேப்பா."

அவளும், "அத்தை சொல்றதுதான்" என்றுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன்: "மெய்யாச் சொல்லு தாயி. அந்த நேரம் ஒம்மேல அருள் வந்துச்சா?"

"இல்லத்தை. கால்ல ஒரு முள்ளு குத்திருச்சு. எப்படா எடுப்போம்னுதான் நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அப்படியென்றால் நான் யார் காலில் விழுந்தேன்?

ஆடி 9, வெள்ளி

கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் சாத்தூருக்குப் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். யாருடைய கைப்பிள்ளையையோ விட்டு ஒரு பூப்பொட்டலத்தை எடுக்க வைத்தோம். சிவப்பு.

வந்து சொன்னேன். "சரியத்தை" என்றாள். கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள்.

ஆடி 10, சனி

அவள் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆடி 24, சனி

பார்க்கத்தானே போகிறோம், பார்க்க வேண்டாம் என்று பூ சொல்லவில்லையே என்று மருமகளையும் கூட்டிக்கொண்டு சாத்தூருக்கு பஸ் ஏறினேன். அவளுக்குப் பதிலாக வேறொரு பிள்ளை அம்மன். லட்சணமான பிள்ளை. குரலும் கணீர் என்று. உட்காரும்போது சேலையைச் சரிசெய்து, மண் ஒட்டாமல் பார்த்து உட்கார்ந்தது. ஜனம் கைதட்டியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பக்கத்தில் திரும்பினேன். பாண்டிமீனாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, அம்மன் பேச்சு முழுவதும். அந்தக் கேள்வி வந்தது. உதடு நின்றது. என்னை அறியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவளுக்கு முள் நினைப்பாகவே இருந்திருக்கட்டும். நடிப்பாகவே இருக்கட்டும். சங்கிலிமுத்து போன பிறகு என் பக்கத்தில் அப்படி வந்து உட்கார்ந்தது யார்?

பஸ்ஸில் சொன்னேன்: "அடுத்ததுல நீயே போடு."

"பூ சிவப்பு வந்துச்சேத்தை?"

"வந்துச்சு" என்றேன்.

ஆடி 30, வெள்ளி

தாயே, நீ வேண்டாம் என்றாய். நான் போ என்று சொல்லிவிட்டேன். உன்னை மீறி இதுவரை ஒன்றும் செய்ததில்லை. கோபமா? தெரியவில்லை. கோயிலில் வெகுநேரம் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை நீ. கால் வலித்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாளிக்கு என்ன பதில் சொல்ல என்று மாரிக்கண்ணன் கத்தினான். "எங்கம்மா அனுப்பி வச்சான்னு சொல்லுடா" என்றேன். சாப்பிடாமல் எழுந்து போனான்.

ஆவணி 8, ஞாயிறு

திருத்தங்கலில் நாடகம். மருமகள் முகத்துக்கு நான்தான் மஞ்சள் பூசினேன். பூசுவதற்கு முன்னால் கும்பிடுவதா, பூசி முடித்தா, கும்பிடவே கூடாதா — கேட்க ஆளில்லை. மூக்கோரம் கொஞ்சம் திட்டாக நின்றது. "ஆடாம இரு புள்ளை" என்று அதட்டி, முந்தானையால் துடைத்துவிட்டேன்.