ஐந்தரை அடிப் பாலம்

என் ஆசை மச்சான் மாணிக்கம்,

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளாக ஒரு வரி எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. சொல்லும்படியாக இங்கே ஒன்றும் நடக்கவில்லை. இப்போது நடந்திருக்கிறது. நம் ஆற்றுக்குப் புதுப் பாலம் வருகிறது! இன்னொரு சேதியும் உண்டு. உன் செம்பருத்தி வேலியின் கதை ஊர் முன்னால் அவிழ்ந்துவிட்டது. அதைச் சொல்லும்போது நீ பக்கத்தில் இருந்து முழிப்பதைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டுமே. பதுளை டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி, மூங்கிலும் மருத மரமும் கவிந்து நிற்கிற இந்தக் கரையில் நம் வீடுகள். எதிர்க்கரையில் தேயிலைத் தோட்டம், நாம் பிறந்த லயத்து வரிசை வீடுகள், அதற்கு மேலே மயானம். இரண்டுக்கும் நடுவே அந்தக் கம்பிப் பாலம். ஒருவர் வந்தால் எதிரே வருகிறவர் கரையிலேயே நிற்க வேண்டும்.

அந்தப் பாலத்தில் உன்னை எப்படிக் கொண்டுபோனோம் என்பது உனக்குத் தெரியுமா மச்சான்? நான்கு பேர் தோளில் தூக்கி வந்தோம். பாலத்தடியில் வந்ததும் நான்கு பேர் இரண்டு பேரானோம். முன்னால் நான் ஒருவன், பின்னால் ஒருவன். தப்பு மேளம் அடித்தவர்கள் கரையிலேயே அடியை நிறுத்திவிட்டார்கள், அடித்தால் பாலம் ஆடும். நடுவில் எனக்குக் கை ஓய்ந்துபோனது. வழியில் பெட்டியைக் கீழே வைக்கக் கூடாதே, என்ன செய்வது? பக்கத்துக் கம்பிமேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. உன்னை ஆற்றில் விட்டுவிடுவேனோ என்று நடுங்கிப்போனேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பாலம் கட்டுவதற்கு முன் ஊராரின் கருத்தைக் கேட்க வேண்டுமாம். சின்ன வயதுச் சிங்களப் பெண் ஒருத்தி, இஞ்சினியர், வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். நம்மைவிட நிதானமாகத் தமிழ் பேசுகிறாள். நம் கோயில் தலைவர் சுப்பையா சும்மா இருப்பாரா? குத்துவிளக்கு ஏற்றி, தேங்காய் உடைத்து, அந்தப் பெண்ணின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்துத்தான் கூட்டத்தையே தொடங்கினார்.

அங்கேதான் வந்தது வினை. “பாலம் மூணு அடி அகலம்” என்று அந்தப் பெண் சொன்னதும் எல்லாரும் போதாது என்று கத்தினோம். “சரி, கூட்டித் தரலாம். ஏன் வேணும்னு காரணம் சொல்லுங்க, எழுதணும்” என்றாள். காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் விளக்கு ஏற்றிய இடத்தில், நல்ல காரியம் தொடங்குகிற நாளில், எந்த வாய் அந்தப் பேச்சை எடுக்கும்?

“கல்யாண ஊர்வலம் போகணுங்க மிஸ்” என்றார் சுப்பையா.

“ரெண்டு ரெண்டு பேரா போகலாமே ஐயா?”

“அலுமாரி தூக்கிட்டுப் போகணும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஒவ்வொரு நாளுமா அலுமாரி தூக்குறீங்க?”

என் வீட்டுக்காரி லெச்சுமி எழுந்து, திருவிழாவுக்குக் கரகம் வரும் என்றாள். கரகம் தலையில்தானே வரும் என்று அந்தப் பெண் கேட்டதும் அவளும் உட்கார்ந்துவிட்டாள். இஞ்சினியர் பேனாவை மூடினாள். மூன்று அடி போதும் என்று எழுதியாகிவிட்டது.

நீ இருந்திருந்தால் முதல் ஆளாக எழுந்திருப்பாய். உனக்குத்தான் நேரம் காலம் கிடையாதே. நான் உன்னைப் போல இல்லை, கூட்டத்தில் வாயைத் திறக்கவே மாட்டேன். ஆனால் அன்றைக்கு என் கை தானாக உயர்ந்துவிட்டது.

“மிஸ், நாங்க எல்லாரும் பொய் சொல்றோம். மயானம் அந்தக் கரையில இருக்கு. செத்தவங்கள நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போகணும். என் மச்சான நாங்க அப்படிக் கொண்டுபோக முடியல. சாச்சு இழுத்துட்டுப் போனோம்.”

சுப்பையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். லெச்சுமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சோறு கிடைக்காது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன். அந்தப் பெண் மட்டும் மெதுவாகப் பேனாவை மறுபடி திறந்தாள். “நாலு பேர் தூக்கினா எத்தனை அடி வேணும்?” என்றாள்.

யாருக்குத் தெரியும்? எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறோம், ஒருநாளும் அளந்ததில்லை. எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். சுண்ணாம்புத் தூளால் மூன்றடி இடைவெளியில் இரண்டு கோடு போட்டாள். அதுதான் பாலம். கோயில் பெஞ்சைக் கொண்டுவந்தார்கள். வெறும் பெஞ்சு என்றால் அளவு சரியாக வராது, ஆள் வேண்டும் என்றார்கள். யார் படுப்பார்கள்? ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். பேச்சைத் தொடங்கியவன் நான்தானே, படுத்துவிட்டேன்.

“ஐயோ, விளக்கு ஏத்தின எடத்துல இந்த மனுசன் செய்ற வேலையப் பாருங்களேன்!” என்று லெச்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

சுப்பையாவும் இன்னும் மூன்று பேரும் பெஞ்சைத் தோளில் தூக்கினார்கள். மூன்றடியில் நான்கு பேரின் கால்களும் கோட்டுக்கு வெளியே. “ஆத்துல விழுந்தாச்சு!” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரே சிரிப்பு. நாலரை அடியில் ஒல்லியானவர்கள் தப்பித்தார்கள், சுப்பையா ஆற்றில் விழுந்தார். அவரே சிரித்துவிட்டார். ஐந்தரை அடியில் நான்கு பேரும் நேராக நடந்தார்கள். நான் மேலே மருத மரத்து இலைகளைப் பார்த்துக்கொண்டு அலுங்காமல் போனேன். சுகமாகத்தான் இருந்தது மச்சான். உனக்கு அந்தச் சுகத்தைக் கொடுக்கவில்லையே என்று அங்கேயே கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனி உன் வேலி. ஐந்தரை அடிப் பாலம் என்றால் இந்தக் கரையில், உன் வீட்டை ஒட்டி ஏறுகிற இடமும் அகலமாக வேண்டும். இஞ்சினியர் அங்கேயே வந்து வரைபடத்தை விரித்து நாடாவைப் பிடித்தாள். அளந்தாள், மறுபடியும் அளந்தாள். உன் செம்பருத்தி வேலி பாதை நிலத்தில் மூன்றடி உள்ளே வந்து நிற்கிறது! ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கம்பு மாற்றுகிற சாக்கில் அரை அடி, அரை அடியாக நீ நகர்த்தினாய். எல்லைக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவன் நான். மறுமுனைக்காரன் அன்றைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“வீட்டுக்காரங்க மறுத்தா விசாரணை, அது இதுன்னு இழுக்கும். அப்போ நான் மூணு அடியோடதான் விடணும்” என்றாள் அந்தப் பெண்.

எல்லாரும் உன் பார்வதியைப் பார்த்தார்கள். என் தங்கைதான், ஆனால் எனக்கே அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அந்த வேலிச் செடி ஒவ்வொன்றும் நீ நட்டது. காலையில் எழுந்ததும் அதற்கு முன்னால்தான் வந்து நிற்பாள். பூவைப் பறிப்பதுகூட இல்லை.

“வேலிய எடுத்துக்கங்க மிஸ்” என்றாள். “பொம்பளைங்க நாங்க பெட்டியோட மயானத்துக்குப் போறதில்ல. இந்தக் கரையிலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு பெட்டி சரிஞ்சிச்சு. அன்னையிலேருந்து நான் அந்தப் பாலத்துல கால் வைக்கல. செடி எங்க வச்சாலும் வளரும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணே, இந்தத் தடவ கயித்த நேராப் புடிங்க” என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள்.

இரண்டு கரையிலும் தூண் எழும்பிவிட்டது. நான் தினமும் போய் நின்று பார்க்கிறேன். வேலை செய்கிறவர்கள் என்னை ஓவர்சியர் ஐயா என்று கேலி செய்கிறார்கள், செய்யட்டும். வெட்டிய செம்பருத்திக் கொப்புகளைச் சரியான எல்லையில் நட்டோம். எல்லாமே துளிர்த்துவிட்டன. லெச்சுமி மூன்று நாள் கழித்து என்னோடு பேசினாள்.

ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள். பாலம் திறக்கிற அன்றைக்கு, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, பார்வதியின் கையைப் பிடித்து அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். அவள் முன்னால், நான் பின்னால் என்று இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்திலேயே நடந்து உன்னிடம் வருவோம்.

உன் பார்வதிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
தங்கராசு