பதினான்காவது குமிழ்

மார்ச் 4, திங்கள்
அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், விற்கிற அம்மா. அலமாரி மேல் மாலை போட்ட படத்தில் அவர் மகன். அவனையும் சேர்த்தால் நால்வர்.
பேஸ் சிந்தசைசர், அடிச்சத்தம் தருகிற கீபோர்டு, வாங்கிவிட்டோம். என் வயது இருக்கும் அதற்கு. பிரார்த்தனைக் கூடத்தில் பாட்டுக்கு அடியில் தாங்குகிற சத்தம் இல்லையே என்று ஒன்பது வருடக் குறை. கடவுள் கண் திறந்தார்.
"பாத்துக் கொண்டு போம்மா. அவன் கை பட்டது." வண்டி திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

மார்ச் 5
ஒரே அழுக்கு. துடைத்தேன். பதினான்கு குமிழ்களையும், அடுப்பை அணைப்பதுபோல, ஒன்று விடாமல் இடப்பக்கம் திருப்பி வைத்தேன். பாத்திரக்கடையிலா வாங்கினாய் என்று இவர் கேலி.

மார்ச் 6
பிளக் மாற்ற வந்த ரிப்பேர்காரர் சொன்னார்: "இது பழைய அனலாக்கும்மா. எதையும் ஞாபகம் வச்சுக்காது. குமிழ் எங்க நிக்குதோ, அதான் சத்தம்."
சாயங்காலம் அந்த அம்மா போன் செய்தார். மகன் போன அன்று காலையில் வாசித்த சத்தம் அதில் அப்படியே நிற்கிறதாம்; இத்தனை நாள் அவர் ஒரு குமிழையும் தொடவில்லையாம். ஞாயிறு வந்து ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாமா என்றார். "அப்படியே இருக்குல்ல?"
இருக்கு என்றேன். என் வாயா சொன்னது?

மார்ச் 7
பிரார்த்தனையில் நாக்கு எழவில்லை.

மார்ச் 8
விற்பனைக்கென்று அந்த அம்மா போட்டிருந்த விளம்பரப் படம் இவர் போனில் இருந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, பதின்மூன்று குமிழ்களை அதில் உள்ளபடியே திருப்பி வைத்தேன். பதினான்காவதை, படத்துக்காகப் பெட்டியை நிமிர்த்திப் பிடித்திருந்த அந்த அம்மாவின் கட்டைவிரல் மறைத்திருந்தது.
ஒரு கட்டையை அழுத்தினேன். பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி — ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கையை எடுத்தேன். சத்தம் கொஞ்சம் பொறுத்துத்தான் போனது.

மார்ச் 10, ஞாயிறு
வந்தார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.
"இது அவன் இல்ல."
கண் திறக்காமல் கையை நீட்டி, அந்தக் கடைசிக் குமிழை மட்டும் மயிரிழை திருப்பினார். "வாசிச்சு முடிச்சு எழுந்திரிக்கறப்ப இதைத்தான் தொட்டுட்டு எழுந்திரிப்பான்." சத்தம் இறங்கியது. இறங்கி, தரையில் நின்றது. "இப்ப வந்துட்டான்."
அப்புறம் என்னைப் பார்த்தார். "துடைச்சியாம்மா?"
தலையாட்டினேன்.
"நானும் துடைப்பேன். திட்டுவான்."
தேநீர் ஆறிப்போயிருந்தது. குடிக்காமலே போனார்.

மார்ச் 19
துணி போட்டு மூடியே வைத்திருக்கிறேன். அந்தச் சத்தத்தில் என் பாட்டு ஒன்றும் ஒட்டவில்லை. நான் வாசிக்கவேண்டுமானால் அவன் போகவேண்டும். நேற்று யாரும் தொடாமலே ஜன்னல் அதிர்ந்தது. லாரி என்கிறார் இவர். லாரியாகவே இருக்கட்டும்.
இன்று தபாலில் போட்ட கடிதத்தின் நகல்:
"அம்மா, நான் துடைத்தது மட்டுமல்ல, பதினான்கையும் அணைத்தேன். போனில் பொய் சொன்னேன். பதின்மூன்று, படத்தைப் பார்த்து நான் வைத்தவை. ஒன்றுதான் நீங்கள் வைத்தது. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. இனி திருப்பலாமா, இல்லை பெட்டியை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்."