பல்லவியும் பல்வலியும்

மார்ச் 3, செவ்வாய்

மெட்டு வந்துவிட்டது!

பதினோரு வருஷமாக என் பக்கம் தலைவைத்துப் படுக்காத மெட்டு. இன்று காலை துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டாமல் வந்த சொந்தக்காரர் மாதிரி வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. துண்டைப் போட்டுவிட்டுக் கிடாரைத் தூக்கினேன். கீழ்த்தளத்துக் கிளினிக்கில் நம்ம பல் டாக்டர் (என்னைக் கட்டிக்கொண்ட புண்ணியவான்) யாருடைய கடைவாய்ப் பல்லையோ குடைந்துகொண்டிருந்தார். தரை வழியாக ஏறிவரும் அந்த மிஷின் சத்தத்தையே சுருதியாக வைத்துக்கொண்டு பல்லவியை முடித்தேன்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இவ்வளவு சுலபமாக எனக்கு எதுவும் வந்ததில்லையே?

மார்ச் 4, புதன்

மியூசிக் கம்பெனி மேனேஜருக்குப் போனில் பாடிக் காட்டினேன். "புதுசா இருக்கு மேடம்! பதினாறாம் தேதி ரெக்கார்டிங் வெச்சுக்கலாம்" என்றார்.

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இரண்டாவது இன்னிங்ஸ். முதலாவது முழுக்க ஒரே பாட்டில் ஓடியது. கல்லூரி விழாவா, கடை திறப்பா, தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு 'ஜன்னல் பாட்டு'. ஜாக்கெட்டின் ஜிப் இப்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதை ஸ்டைல் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

போனை வைக்கும்போது மேனேஜர் இழுத்தார்: "மெட்டு சொந்தம்தானே மேடம்? வெள்ளி பூட்ஸ் விஷயத்துக்கு அப்புறம் மேலிடத்துல ரொம்ப உஷாரா இருக்காங்க."

வெள்ளி பூட்ஸ் எங்கள் கூட்டத்துப் பாடகன். வெள்ளி நிற பூட்ஸ் இல்லாமல் மேடை ஏறமாட்டான். போன வருஷம் அவனுடைய பாட்டு இன்னொருவருடைய மெட்டு என்று தெரிந்து, பாட்டும் போச்சு, மேடையும் போச்சு. "எப்பவோ கேட்டு மனசுல தங்கிடுச்சு, எனக்கே தெரியாது" என்று அழுதானாம். ஊர் பூராவும் போன் போட்டுப் பரப்பியது யார்? அடியேன்தான். அந்த அழுகையை நடித்துக் காட்டி நாத்தனாரிடம் கைதட்டல்கூட வாங்கினேன்.

சொந்தம்தான் என்று சொல்லிவிட்டேன். சொந்தம்தானே?

மார்ச் 7, சனி

ஒத்திகை. இரண்டு வரிதான் பாடியிருப்பேன். மூன்றாவது வரியை டிரம்மர் முணுமுணுத்தான். நான் பாடுவதற்கு முன்னால்!

"டேய், உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியலக்கா. எங்கயோ கேட்டிருக்கேன். கேட்டப்போ பயமா இருந்துச்சு. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"பயமாவா?"

"ஆமாக்கா. கையெல்லாம் வேர்த்துச்சு."

எனக்கும் வேர்த்தது. பேய்ப் படமாக இருக்குமோ?

மார்ச் 8, ஞாயிறு

காலையிலிருந்து பேய்ப் படங்கள். எந்தப் பேயும் என் மெட்டைப் பாடவில்லை. டாக்டர் எட்டிப் பார்த்து, "எதுக்கு இதெல்லாம் பாக்குற?" என்றார். "தொழில் விஷயம்" என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

நாத்தனார் வந்தாள். காபியைக் கொடுத்துவிட்டுச் சும்மா பாடுகிற மாதிரி பல்லவியைப் பாடினேன். காபியை வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, இது பழைய பாட்டாச்சே!"

"எங்க கேட்ட? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எங்கன்னு தெரியல அண்ணி. படுத்துக்கிட்டுக் கேட்டேன். லைட்டு கண்ணுல அடிச்சுது. ஆமா, உங்க முகம் ஏன் வெளுத்துப் போச்சு?"

சொன்னேன். சிரித்தாளே ஒரு சிரிப்பு! "நீங்களும் வெள்ளி பூட்ஸ் லிஸ்டா? அழுகையெல்லாம் நல்லா அழுங்க அண்ணி, நடிச்சுக் காட்ட நான் இருக்கேன்."

என்னிடம் கற்ற வித்தை.

மார்ச் 12, வியாழன்

மேனேஜருக்கு மூன்று முறை டயல் செய்து மூன்று முறையும் கட் செய்தேன். பாட்டை வாபஸ் வாங்கினால் இனி யாரும் என்னைக் கூப்பிடப்போவதில்லை. வாங்காவிட்டால், நாளைக்கு எவனாவது எழுந்து இது எங்க தாத்தா மெட்டு என்பான். எப்படிப் பார்த்தாலும் நான் காலி.

தாடை வலிக்கிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். இந்த வேகத்தில் போனால் ரெக்கார்டிங் அன்று வாயைத் திறக்கவே முடியாது. "நாளைக்குக் கீழ வா, பாக்கறேன்" என்றார் டாக்டர். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. காலை சாம்பாரில் உப்பு போதவில்லை என்று சண்டை போட்ட மனுஷன் கையில், மத்தியானம் எப்படி டிரில்லைக் கொடுப்பது? என் பல்லை வேறு டாக்டரிடம்தான் காட்டுவேன். அதில் இவருக்கு வருத்தம் உண்டு.

மார்ச் 13, வெள்ளி

இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

படுத்தேன். லைட்டு கண்ணில் அடித்தது. வாய் நிறையப் பஞ்சு. டாக்டர் மிஷினைப் போட்டார், முகமூடிக்குள்ளிருந்து மெதுவாக விசில் அடிக்க ஆரம்பித்தார்.

என் மெட்டு. மூன்றாவது வரி உட்பட.

"ஆ... ஆ..." என்றேன்.

"வலிக்குதா?"

அவர் கையைத் தள்ளிவிட்டுப் பஞ்சைத் துப்பினேன். "என்னங்க அது?"

"எது?"

"விசிலு!"

திருட்டுத்தனமாக லட்டு தின்ற குழந்தை மாதிரி முழித்தார். "கேட்டுச்சா? மேல வரைக்கும் வராதுன்னு நினைச்சேன். மிஷின் சத்தத்துக்குப் பயப்படறாங்களேன்னு அடிக்கறது. வீட்டுல அடிக்கறதில்லையே!"

வாஸ்தவம். வீட்டுக்குள் விசில் கூடாது என்பது கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம். மனுஷனுக்குச் சங்கீத ஞானம் எங்கள் வீட்டு காலிங் பெல்லுக்கு இருக்கிற அளவுகூடக் கிடையாது.

டிரம்மரின் சொத்தைப் பல், நாத்தனாரின் வேர் சிகிச்சை, எல்லாம் இந்த நாற்காலியில்தான் நடந்தன! நானோ தினமும் தரை வழியாகக் கேட்டுக்கொண்டே துண்டு மடித்திருக்கிறேன். மேனேஜருக்கு மட்டும் ஏன் புதுசாக இருந்தது? அவர் பல்லைப் பார்த்தாலே தெரியும், எந்தப் பல் டாக்டர் பக்கமும் போனதில்லை.

சிரிப்பு வரவில்லை. பெரிய கேள்வி பாக்கி இருந்தது.

"இது யாரு பாட்டு? எங்கிருந்து புடிச்சீங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன கேள்வி இது? உன் பாட்டுதான். ஜன்னல் பாட்டு."

"இதுவா? ஜன்னல் பாட்டா?"

"ஆமா. ஏன், கொஞ்சம் தப்பா வருதோ?"

கொஞ்சமா! ஜன்னல் பாட்டு ஏறுகிற இடத்தில் இவர் இறங்குகிறார். நிற்கவேண்டிய இடத்தில் ஓடுகிறார். தொடங்குவதும் முடிப்பதும் மிஷினின் சுருதியில். ஒரு ஸ்வரம் ஒட்டவில்லை.

"எல்லாருக்கும் இதேதான் அடிப்பீங்களா?"

"வேற பாட்டு எனக்கு எது தெரியும்?"

கண்ணில் தண்ணீர். லைட்டு வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

சொல்லாமல் விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. நேற்று முழுக்க, ஜன்னல் பாட்டைத்தான் அடித்தோம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

அதுதான் உறுத்துகிறது. வெள்ளி பூட்ஸுக்காவது எங்கே கேட்டோம் என்று தெரியாது. எனக்கு இப்போது தெரியுமே!

மத்தியானம் மேனேஜரைக் கூப்பிட்டேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

"பல் டாக்டரா மேடம்?"

"ஆமா. மெட்டுல பாதி அவரோடது. அப்படித்தான் போடணும். இல்லேன்னா பாட்டு வேண்டாம்."

"மேலிடத்துல சிரிப்பாங்க மேடம்."

"நான் பழகிக்கறேன்."

கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டார். வெள்ளி பூட்ஸுக்கும் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

பதில் இல்லை. டாக்டர் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். ஸ்டூடியோவுக்குப் போடவாம்!

மார்ச் 16, திங்கள்

காலையில்தான் சம்மதம் வந்தது. ஆரம்பத்தில் அவருடைய விசிலையே வைக்கலாம் என்றேன். மைக் முன்னால் நின்றார். உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது. அதைவிட மோசம், சொன்னபடி சரியாக அடிக்கப் பார்த்தார்! ஒரு மணி நேரம் போனது. மேனேஜர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் நான் கீழே படுத்து வாயைத் திறந்தேன். டிரம்மர் யூடியூபில் டிரில் சத்தத்தைத் தேடிப் போட்டான், போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டான். டாக்டர் குனிந்து என் வாய்க்குள் பார்த்தார்.

விசில் வந்தது. முதல் டேக்கிலேயே.

ஜூன் 21, ஞாயிறு

பாட்டு ஓடுகிறது. பறக்கவில்லை, ஓடுகிறது. இரண்டு ஊரில் மேடை கிடைத்திருக்கிறது. வெள்ளி பூட்ஸ் நேற்று அவனே கூப்பிட்டு, "மெட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது, அதான் நீங்க தப்பிச்சீங்க" என்றான். நான் இதை யாருக்கும் நடித்துக் காட்டவில்லை. நாத்தனார் கேட்டும்கூட.

விசில் சட்டம் ரத்து. இப்போது சமையலறையில் டாக்டர் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அடிக்கிறார். எங்கள் புதுப் பாட்டாம். ஒரு ஸ்வரம்கூட ஒட்டவில்லை.

குழாயை மூடினால் விசிலும் நின்றுவிடுமே என்று பயமாக இருக்கிறது. சத்தம் போடாமல் போய்க் கிடாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.